பாதுகாப்புக்கு ஒரு சின்னத் துப்பாக்கி வாங்க முடியுமா?

பாயான் லெப்பாஸ்: இரவு ஷிஃப்ட் முடிந்து தொழிற்சாலை வாசலில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்கள், கடையை அடைத்துவிட்டு அன்றைய வசூலைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பும் சிறு வியாபாரிகள், விமான நிலையத்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே விடிய விடிய வண்டி ஓட்டும் இ-ஹெய்லிங் ஓட்டுநர்கள். இவர்கள் நடுவே வழிப்பறி பற்றிப் பேச்சு எழுந்தால், யாராவது ஒருவர் அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவார். “நமக்கும் ஒரு சின்னத் துப்பாக்கி இருந்தால் என்ன? எவ்வளவு ஆகும்? எங்கே கிடைக்கும்?”

பாதி விளையாட்டாகக் கேட்கப்படும் கேள்விதான். ஆனால் மீதிப் பாதி விளையாட்டு இல்லை. கைப்பேசியைத் திறந்தால் “குறைந்த விலையில் சிறந்த பத்து கைத்துப்பாக்கிகள்” என்று காணொளிகள் வரிசை கட்டி நிற்கின்றன. டெலிகிராம் குழுக்களில் “அசல் மாதிரி”, “சீல் உடைக்காதது” என்று படம் போட்டு விற்பவர்களும் உண்டு. அதனால் இந்தக் கேள்விக்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்லிவிடுவது நல்லது. மலேசியாவில் சாதாரணக் குடிமகன் ஒருவர், தற்காப்புக்கென்று கைத்துப்பாக்கி வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு நடமாட நடைமுறையில் வழியில்லை. மலிவு விலையில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது சிறைக்குப் போகும் வழி.

அமெரிக்கக் காணொளியும் நம் ஊரும்

முதலில் அந்தக் காணொளிகள் எதைப் பற்றிப் பேசுகின்றன என்று பார்ப்போம். ‘காம்பெக்ட்’ என்று அவர்கள் சொல்வது சட்டைக்குள் மறைத்து வைக்கக்கூடிய, உள்ளங்கைக்குள் ஏறத்தாழ அடங்கிவிடுகிற கைத்துப்பாக்கிகளை. கிளாக் 19 என்பது இந்த ரகத்தில் பெயர் பெற்றது. குழாய் நீளம் சுமார் நான்கு அங்குலம், தோட்டா போடாத எடை 600 கிராம் அளவு, 15 தோட்டாக்கள் பிடிக்கும். 2018இல் வந்த சிக் பி365 அதைவிடச் சிறியது, அரைக் கிலோ எடைதான். அமெரிக்காவில் இந்த வகைத் துப்பாக்கிகள் பொதுவாக 300 முதல் 600 டாலருக்குள் கிடைத்துவிடும். எது கைக்கு அடக்கம், எது எளிதில் சிக்கிக்கொள்ளாது, எதற்குத் தோட்டா மலிவு என்று அந்த நாட்டு மக்கள் மணிக்கணக்கில் ஒப்பிட்டுப் பேசுகிறார்கள்.

அவர்களுக்கு அது பொருந்தும். அங்கே ஆயுதம் வைத்திருப்பது அரசமைப்புச் சட்டம் தந்த உரிமை. வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் அந்த உரிமையில் அடங்கும் என்று 2022இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் ஆயுதம் உரிமை இல்லை. அரசு மனமுவந்து தரும் அனுமதி. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொண்டால், எந்தத் துப்பாக்கி நல்லது என்ற ஒப்பீடு முழுவதும் நமக்குப் பயன்படாத கதை என்பது விளங்கிவிடும்.

“இந்தியாவில் கிடைக்கிறதே” என்று சொல்வோரும் உண்டு. கிடைக்கிறதுதான், ஆனால் சினிமாவில் வருவது போல இல்லை. அங்கேயும் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் உரிமம் வேண்டும். 2019இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தார்கள். டில்லியில் 2012இல் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, கான்பூரில் உள்ள அரசுத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ‘நிர்பீக்’ என்ற சிறிய ரிவால்வரை 2014இல் வெளியிட்டது. எடை 500 கிராம், விலை ஒரு லட்சத்து 22 ஆயிரம் ரூபாய்க்கு மேல். பஸ்ஸில் வேலைக்குப் போகும் பெண்ணுக்கு அந்த விலையில் பாதுகாப்பா என்று பெண்கள் அமைப்புகளே அப்போது கேட்டன. கேள்வி நியாயமானதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் இரண்டு சட்டங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம். மற்றொன்று 1971ஆம் ஆண்டு சுடும் ஆயுதங்கள் (கூடுதல் தண்டனைகள்) சட்டம்.

முதல் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது குற்றம். ஏழு ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். இங்கே ‘ஆயுதம்’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் மிக அகலமானது. காற்றுத் துப்பாக்கியும் அதில் அடங்கும். துப்பாக்கியின் தனிப் பாகமும் அடங்கும். குழாய் மட்டும்தான் வாங்கினேன், முழுத் துப்பாக்கி இல்லையே என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

இரண்டாவது சட்டம் இன்னும் கடுமையானது. சட்டவிரோதமாகச் சுடும் ஆயுதம் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, அதோடு குறைந்தது 6 பிரம்படிகள். கொள்ளை போன்ற குற்றத்தின்போது துப்பாக்கியால் சுட்டால், யாருக்கும் காயம் படாவிட்டாலும், தண்டனை மரணம் வரை போகும். 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்ட பிறகு, மரணத்துக்கு மாற்றாக 30 முதல் 40 ஆண்டு சிறையும் பிரம்படியும் விதிக்க நீதிபதிக்கு இடம் உண்டு. சுட்டவரோடு கூட இருந்த கூட்டாளிக்கும் இதே கணக்குத்தான். இரண்டுக்கு மேற்பட்ட துப்பாக்கிகள் ஒருவரிடம் இருந்தால், அவர் ஆயுதம் கடத்துபவர் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும்.

குடும்பங்கள் அதிகம் அறியாத ஒன்றையும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாவது சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டப்பட்டால் ஜாமீன் கிடையாது. வழக்கு முடியும்வரை உள்ளேதான் இருக்க வேண்டும். வீட்டில் ஒருவர் சம்பாதிக்கும் குடும்பத்தில், தீர்ப்பு வருவதற்கு முன்பே பாதித் தண்டனை வீட்டாருக்குக் கிடைத்துவிடுகிறது.

உரிமம் யாருக்குக் கிடைக்கும்?

உரிமம் தரும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவரிடம் இருக்கிறது. ஏன் வேண்டும் என்ற காரணத்தை எழுதி, ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும். போலீசார் பின்னணியை அலசுவார்கள். குற்றப் பதிவு, கடன், குடும்ப நிலவரம், துப்பாக்கியை எங்கே பூட்டி வைப்பீர்கள் என்பது எல்லாம் பார்க்கப்படும். “எங்கள் வட்டாரத்தில் பயமாக இருக்கிறது” என்பது போதுமான காரணம் ஆகாது. உயிருக்கு உண்மையான, குறிப்பிட்ட மிரட்டல் இருப்பதைக் காட்ட வேண்டும். அப்போதும் தருவதும் மறுப்பதும் அவர் விருப்பம். கிடைத்த உரிமமும் நிரந்தரம் இல்லை, புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நடைமுறையில் உரிமம் வைத்திருப்போர் யார்? பாதுகாவல் நிறுவனங்கள், மிரட்டலுக்கு உள்ளான பெரும் தொழிலதிபர்கள், சில பொது வாழ்க்கைப் பிரமுகர்கள், துப்பாக்கிச் சுடும் விளையாட்டு வீரர்கள், விவசாயிகள். வங்கி வாசலில் நிற்கும் பாதுகாவலரின் கையில் இருப்பது அவருடைய சொந்தத் துப்பாக்கி இல்லை. அது நிறுவனத்தின் பெயரில் இருக்கும். அவருக்கு எடுத்துச் சென்று பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. வேலை நேரம் முடிந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும்.

துப்பாக்கி சுடுவதில் உண்மையிலேயே ஆர்வம் இருந்தால் அதற்கென்று சங்கங்கள் இருக்கின்றன. ஆயர் ஈத்தாமில் உள்ள ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடி வீடுகள் நமக்கெல்லாம் தெரியும். ஒரு காலத்தில் துப்பாக்கி சுடும் திடலாக இருந்த இடம் அது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. சங்கத்தில் சேர்ந்து, பயிற்றுநர் முன்னிலையில், இலக்குப் பலகையைச் சுடுவது சட்டத்துக்கு உட்பட்ட விளையாட்டு. ஆனால் அந்த அனுமதி திடலுக்குள் செல்லுபடியாகும் ஒன்று. காரில் போட்டுக்கொண்டு சுற்றுவதற்கு அது உதவாது.

தோட்டப்புறத்துத் துப்பாக்கி

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ‘செனாப்பாங் பாத்தா’ புதிய சொல் இல்லை. நடுவில் மடித்துத் தோட்டா போடும் நீளத் துப்பாக்கி. பயிரை அழிக்கும் காட்டுப்பன்றி, குரங்குகளை விரட்ட நிலம் வைத்திருப்போருக்கு இதற்கு உரிமம் தரப்படுகிறது. மலேசியாவில் பொதுமக்கள் கையில் சட்டப்படி இருக்கும் துப்பாக்கி என்றால் அது பெரும்பாலும் இதுதான்.

ஆனால் இதிலும் இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. துப்பாக்கிக்கு உரிமம் இருப்பதாலேயே வேட்டைக்கு உரிமம் வந்துவிடாது. 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பெர்ஹிலித்தான் எனப்படும் வனவிலங்குத் துறையின் உரிமம் தனியாக வேண்டும். இரண்டாவது, அப்பா பெயரில் உள்ள துப்பாக்கியை மகன் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போனால், மகனைப் பொறுத்தவரை அது உரிமம் இல்லாத துப்பாக்கி. அப்பா இறந்துவிட்டால், “அப்பா நினைவாக இருக்கட்டும்” என்று அலமாரியில் வைத்துவிடக் கூடாது. உடனே போலீஸ் நிலையத்துக்குத் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும்.

இன்னொரு பொருளும் தோட்டப்புறங்களில் பேசப்படும். ‘பக்காக்குக்’ என்று சொல்லப்படும், வீட்டிலேயே இரும்புக் குழாயும் மரக்கட்டையும் கொண்டு செய்யப்படும் நாட்டுத் துப்பாக்கி. பன்றி சுடத்தானே, ஆளைச் சுடவா போகிறோம் என்ற எண்ணத்தில் இதை வைத்திருப்பவர்கள் உண்டு. சட்டத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. குண்டு வெளியேறும் குழாய் உள்ளது எதுவும் சுடும் ஆயுதமே. அதே 14 ஆண்டு, அதே பிரம்படி. அதோடு, கையால் செய்த குழாய் சுடுபவரின் முகத்துக்கு எதிரிலேயே வெடித்துவிடும் ஆபத்தும் இருக்கிறது.

மலிவாகக் கிடைப்பது எது?

சமூக ஊடகத்தில் சில நூறு வெள்ளிக்கு விற்கப்படுவது பெரும்பாலும் போலித் துப்பாக்கி. ஏர்சாஃப்ட், ஜெல் பிளாஸ்டர், ‘லைட்டர் துப்பாக்கி’, ‘காட்சிப் பொருள்’ என்று பல பெயர்கள். ஆயுதச் சட்டத்தின் 36ஆம் பிரிவு போலி ஆயுதத்துக்கென்றே எழுதப்பட்டது. அனுமதியின்றி வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். பார்ப்பவர் கண்ணுக்கு அசல் போலத் தோன்றினால் இந்தப் பிரிவு பாயக்கூடும். அந்தப் போலியைக் காட்டி யாரையாவது மிரட்டினால் வழக்கு இரண்டாவது சட்டத்துக்குத் தாவிவிடும், அங்கே சிறையோடு பிரம்படியும் உண்டு.

நம் வட்டாரத்தில் விமான நிலையம் இருப்பதால் ஒரு வார்த்தை. 2024 டிசம்பரில் பினாங்கிலிருந்து சென்னைக்கு நேரடி விமானச் சேவை தொடங்கியதிலிருந்து ஊருக்குப் போய் வருவது எளிதாகிவிட்டது. தீபாவளிக் காலத்தில் அங்கே கடைகளில் தொங்கும் பொட்டு வெடித் துப்பாக்கி பிள்ளைகளுக்கு ஆசையாக இருக்கும். வாங்கிப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். ஸ்கேனர் திரையில் அது துப்பாக்கியாகத்தான் தெரியும். தோட்டா வடிவச் சாவிக் கொத்தும் அப்படியே. அசல் தோட்டா என்றால், ஒன்றே ஒன்று இருந்தாலும், துப்பாக்கி இல்லாமலேயே வழக்கு உண்டு.

துப்பாக்கி வேண்டாம், கத்தியாவது வைத்துக்கொள்வோம் என்று வண்டி இருக்கைக்குக் கீழே பாராங் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். 1958ஆம் ஆண்டு அரிக்கும், வெடிக்கும் பொருள்கள் மற்றும் தாக்கும் ஆயுதங்கள் சட்டத்தின் 6ஆம் பிரிவின்படி, தக்க காரணமின்றிப் பொது இடத்தில் தாக்கும் ஆயுதம் வைத்திருந்தால் 5 முதல் 10 ஆண்டு சிறையும் பிரம்படியும் உண்டு. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்பவர் கையில் பாராங் இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இரவு பத்து மணிக்கு பேரங்காடி கார் நிறுத்துமிடத்தில் காரணம் சொல்வது கடினம். மிளகாய்த் தெளிப்பான் போன்றவற்றை இணையத்தில் யாரோ விற்பதாலேயே அது சட்டத்துக்கு உட்பட்டது ஆகிவிடாது. வாங்கும் முன் அருகில் உள்ள போலீஸ் நிலையத்தில் கேட்டுக்கொள்வது உத்தமம்.

ஒரு கைத்துப்பாக்கியின் விலை

இவ்வளவு கடுமை எங்கிருந்து வந்தது? இதற்கு 1948க்குப் போக வேண்டும். அவசரகாலம் பிரகடனமானபோது, உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பவருக்குத் தூக்கு என்று வெள்ளைக்கார அரசு விதி எழுதியது. தோட்டத் துரைமார்கள் இடுப்பில் கைத்துப்பாக்கியோடு வேலைக்காட்டைச் சுற்றி வந்த அதே காலம். தொழிலாளி கையில் அதே பொருள் இருந்தால் கயிறு.

அந்தக் கயிற்றுக்கு இரையான ஒருவரின் பெயர் நம் சமூகத்துக்குத் தெரியும், தெரிய வேண்டும். எஸ். ஏ. கணபதி. தஞ்சை மண்ணில் தம்பிக்கோட்டையில் பிறந்து, சிறு வயதிலேயே இங்கு வந்து, அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவரானவர். சம்மேளனம் 1948இல் தடை செய்யப்பட்டது. 1949 மார்ச் மாதம் ரவாங் வட்டாரத்தில் வாட்டர்ஃபால் தோட்டத்துக்கு அருகே அவர் பிடிபட்டார். அவரிடம் இருந்தவை ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும். அதைப் போலீசில் ஒப்படைக்கவே கொண்டு சென்றதாக அவர் தரப்பில் சொல்லப்பட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. நேருவின் அரசு கருணை கோரியும் பயன் இல்லை. 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். பிடிபட்டதிலிருந்து தூக்குமேடை வரை இரண்டு மாதம்தான்.

கணபதியின் அரசியலை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் இருக்கலாம். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம் ஒரு கொலை அல்ல, ஒரு குண்டுகூட சுடப்படவில்லை என்பதை மட்டும் இங்கே நினைவுபடுத்துகிறேன்.

சுதந்திரத்துக்குப் பிறகும் அந்த விதியின் நிழல் போகவில்லை. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, பாதுகாப்புப் பகுதியில் துப்பாக்கி வைத்திருந்தால் கட்டாயத் தூக்கு என்றது. 1977இல் இதே பினாங்கில், துப்பாக்கி வைத்திருந்த 14 வயதுச் சிறுவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் எதிர்ப்பு எழுந்து, பிறகு மன்னிப்பில் அந்தச் சிறுவன் உயிர் தப்பினான். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல்தான் நீங்கியது.

அண்மைக்காலத்துக்கு வந்தால், 2013ஐ மறக்க முடியாது. நாடெங்கும் துப்பாக்கிச் சூடுகள் அடுத்தடுத்து நடந்த ஆண்டு. போலீசார் ‘ஓப்ஸ் சந்தாஸ் காஸ்’ நடவடிக்கையைத் தொடங்கினர். ஆகஸ்ட் 19ஆம் தேதி, பாயான் லெப்பாஸுக்குப் பக்கத்திலேயே சுங்கை நிபோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில் ஐந்து இந்தியர்கள் போலீசாரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் ஆயுதம் ஏந்திய குண்டர் கும்பலைச் சேர்ந்தவர்கள் என்று போலீஸ் தரப்பு சொன்னது. குடும்பத்தினர் கேள்வி எழுப்பினர். அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், அன்றைய தினத்தைப் பார்த்த இந்த வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒன்று தெரியும். இளைஞன் ஒருவனிடம் துப்பாக்கி இருக்கிறது என்ற தகவலே, அவன் அதை எடுப்பதற்கு முன்பே, அவன் உயிருக்கு ஆபத்தாகிவிடுகிறது.

இடுப்பில் இருந்தால் காப்பாற்றுமா?

சட்டத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, வெறும் பயனை மட்டும் கேட்போம். மோட்டார் சைக்கிளில் வந்து பையைப் பறிப்பவன் பின்னாலிருந்து வருகிறான். பை போன பிறகுதான் நமக்கே தெரிகிறது. துப்பாக்கி அந்தப் பைக்குள் இருந்தால் இப்போது அதுவும் அவனிடம்.

எதிரே கத்தியோடு வருபவன் விஷயத்தில் 1983இல் டென்னிஸ் டூலர் என்ற அமெரிக்கப் போலீஸ் பயிற்றுநர் ஒரு கணக்கைச் சொன்னார். 21 அடி தூரத்தில் நிற்கும் ஒருவன் ஏறத்தாழ ஒன்றரை வினாடியில் நம்மை எட்டிவிடுவான். உறையிலிருந்து துப்பாக்கியை எடுத்துக் குறிபார்க்கப் பயிற்சி பெற்ற போலீஸ்காரருக்கே அவ்வளவு நேரம் பிடிக்கும். 21 அடி என்பது இரண்டு கார் நீளத்துக்குக் குறைவு. நம் அடுக்குமாடிக் கட்டடங்களின் மின்தூக்கிக் கூடத்தில் அந்தத் தூரம்கூட இருக்காது.

துப்பாக்கி நிறைந்த அமெரிக்காவிலேயே ஆய்வு செய்து பார்த்தார்கள். வீட்டில் துப்பாக்கி இருப்பது, அந்த வீட்டில் கொலை நடக்கும் அபாயம் 2.7 மடங்கு அதிகமாக இருப்பதோடு தொடர்புடையது என்று 1993இல் ஒரு புகழ்பெற்ற மருத்துவ இதழில் வந்த ஆய்வு சொன்னது. கொன்றவர்கள் பெரும்பாலும் வெளியாள் அல்ல, வீட்டு மனிதரோ தெரிந்தவரோதான். அந்த ஆய்வைக் குறை சொல்பவர்கள் உண்டு, துப்பாக்கி வாங்குபவர்கள் ஏற்கெனவே ஆபத்தில் இருப்பவர்கள் என்பது அவர்கள் வாதம். இருந்தாலும் குடியும் சண்டையும் உள்ள ஒரு வீட்டில் குண்டு போட்ட துப்பாக்கி யாரைச் சுடும் என்று ஊகிக்க ஆய்வு தேவையில்லை.

பினாங்குவாசிகளுக்கு 2016 டிசம்பர் 1ஆம் தேதி நினைவிருக்கும். துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் ஒரு தொழிலதிபரை அவருடைய மெய்க்காவலரே சுட்டுக் கொன்றார். பிறகு வழியில் வந்தவர்களையும் நோக்கிச் சுட்டார். அந்தத் தொழிலதிபரோடு சேர்த்து மொத்தம் மூவர் இறந்தனர், மேலும் பலர் காயமடைந்தனர். பாதுகாப்புக்கென்று சம்பளம் கொடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்ட துப்பாக்கி அது. 2013 அக்டோபரில் சுபாங் ஜெயாவில் ஒரு வங்கிக் கிளையில் நடந்ததும் அப்படித்தான். காவலுக்கு நின்றவரே வங்கி அதிகாரியைச் சுட்டுவிட்டுப் பணத்தோடு ஓடினார்.

அப்படியானால் தற்காப்பு உரிமை?

அது இருக்கிறது. தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பைப் பற்றியவை. உங்கள் உடலையும், மற்றவர் உடலையும், சொத்தையும் காத்துக்கொள்ள நீங்கள் எதிர்த்துத் தாக்கலாம். உயிர்ப் பயம், கொடுங்காயம், பாலியல் வன்கொடுமை, கடத்தல் போன்ற தாக்குதல்களில் எதிராளி இறக்க நேர்ந்தாலும் அந்த உரிமை துணை நிற்கும் என்று 100ஆம் பிரிவு சொல்கிறது. கொள்ளை, இரவில் வீடு புகுதல், தீ வைத்தல் போன்றவற்றுக்கு 103ஆம் பிரிவு.

ஆனால் 99ஆம் பிரிவு ஒரு கோடு போட்டிருக்கிறது. போலீசை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமை எழாது. தேவைக்கு மேல் தாக்கவும் கூடாது. பையைப் பறித்தவன் கீழே விழுந்து கிடக்கிறான், கூட்டம் கூடி அடிக்கிறது என்றால், அங்கே தற்காப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு விழும் ஒவ்வோர் அடியும் குற்றம். திருடன் இறந்துவிட்டால் கொலைக் குற்றச்சாட்டு வரைக்கும் போகலாம். கையில் கிடைத்த குடையாலோ தலைக்கவசத்தாலோ அந்த நொடியில் தடுப்பவருக்குச் சட்டத்தில் இடம் உண்டு. தடுத்ததற்கு உரிமை இருந்தாலும், கையில் இருந்த துப்பாக்கிக்கு உரிமம் இல்லை என்றால் அந்த வழக்கு தனியாக நிற்கும்.

பயம் உண்மையானது என்பதை மறுக்கவில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972இல் தொடங்கிய காலத்திலிருந்தே இரவு ஷிஃப்ட் பெண்களின் உழைப்பில்தான் நடக்கிறது. தொழிற்சாலை பஸ் வீட்டு வாசல்வரை வராமல் பெரிய சாலையிலேயே இறக்கிவிடுகிறது என்றால், அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்பது துப்பாக்கியைவிட அதிகம் பயன் தரும். ஒருவர் கேட்டால் அலட்சியம் செய்வார்கள், ஒரே பஸ்ஸில் வருபவர்கள் நாற்பது பேர் கையெழுத்திட்டால் அப்படிச் செய்வது கடினம். எரியாத தெருவிளக்குக்கு நகராண்மைக் கழகத்தில் புகார் செய்து எண் வாங்கி வையுங்கள். பையைச் சாலைப் பக்கம் தொங்கவிடாமல் சுவர்ப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பறித்தால் விட்டுவிடுங்கள், பை வாரைப் பிடித்துக்கொண்டு இழுபட்டு உயிர்விட்டவர்கள் இந்நாட்டில் இருக்கிறார்கள். யாராவது குறிப்பாக உங்களை மிரட்டினால், குறுஞ்செய்தியை அழிக்காமல் வைத்துப் போலீசில் புகார் செய்யுங்கள். வீட்டுக்குள்ளேயே ஆபத்து என்றால் 15999 எண்ணில் தாலியான் காசே இருக்கிறது. அவசரத்துக்கு 999.

கடைசியாக, பெற்றோருக்கும் இளைஞர்களுக்கும் ஒரு விஷயம். துப்பாக்கி வழக்குகளில் சிக்குபவர்கள் எல்லாரும் அதை வாங்கியவர்கள் அல்ல. “இந்தப் பையை இரண்டு நாள் வைத்திரு” என்று நண்பன் சொன்னதற்காக வாங்கி வைத்தவரும், துப்பாக்கி வைத்திருப்பவன் என்று தெரிந்தே அவனோடு காரில் போனவரும் சிக்கலாம். ஆயுதம் வைத்திருப்பவருடன் தெரிந்தே கூடித் திரிவதையும் அந்த இரண்டாவது சட்டம் குற்றமாகவே பார்க்கிறது. அப்படி ஒரு பொருள் உங்கள் வீட்டிலோ, வாடகைக்கு எடுத்த அறையிலோ கிடைத்தால் தொடாதீர்கள், எடுத்துக்கொண்டு போலீஸ் நிலையத்துக்குப் புறப்படவும் வேண்டாம். வழியில் சோதனையில் மாட்டினால் ஒப்படைக்கத்தான் போனேன் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, இருந்த இடத்திலேயே விட்டு, 999க்கு அழைத்து வரச் சொல்லுங்கள்.

வீட்டில் யாராவது கைதானால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவின்படி கைதுக்கான காரணத்தைக் கேட்கவும், உறவினரிடம் பேசவும், வழக்கறிஞரைத் தொடர்பு கொள்ளவும் உரிமை இருக்கிறது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்றால், தேசியச் சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞரைக் கேட்கலாம். தடுப்புக்காவல் மனு மறுநாளே மாஜிஸ்திரேட் முன் வந்துவிடும் என்பதால், பணம் புரட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காமல் கைதான அன்றே கேளுங்கள்.